கத்தினால் மதிப்பெண் குறையும்

செப்டம்பர் 9, செவ்வாய்

மூக்கால் வாசிக்கிறேன் என்று எங்கள் பத்திரிகை அகாடமியின் குரல் பயிற்சியாளர் இன்றைக்கும் சொன்னார். சளி பிடித்திருக்கிறது சார் என்றேன். "செய்தி கேக்குறவனுக்கு உன் சளி எதுக்கும்மா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. உள்ளூர் கேபிளில் இதே மூக்கால்தான் மூன்று வருஷம் வாசித்தேன். ஒருத்தரும் டி.வி.யை அணைக்கவில்லை.

மத்தியானம் மேஜர் வகுப்பு. அவர் நிஜமாகவே மேஜர்தானா என்று யாருக்கும் தெரியாது. மீசை இருக்கிறது, நடை இருக்கிறது, போதும். களப் பாதுகாப்பு அவர் பாடம். கல் பறந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, ரத்தம் வந்தால் எங்கே கட்டுவது, இந்த மாதிரி. இன்றிலிருந்து பாடத்தின் கடைசிக் கட்டம்: கடத்தல் ஒத்திகை. படிப்பு முடிவதற்குள் எங்களில் ஒவ்வொருத்தரையும் என்றைக்காவது ஒருநாள் அவருடைய ஆட்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். என்றைக்கு, எங்கே என்று சொல்ல மாட்டார்கள். முகத்தை மூடி, ஊருக்கு வெளியே பழைய கிடங்கில் உட்காரவைத்து மிரட்டிவிட்டு, சாயங்காலம் டீ கொடுத்துத் திருப்பி அனுப்புவார்களாம். டீ முக்கியம் போலிருக்கிறது, இரண்டு தடவை சொன்னார்.

விதிகளைப் பலகையில் எழுதிப் போட்டார். திமிறக் கூடாது. கத்தக் கூடாது. மூச்சை நிதானமாக விட வேண்டும். பக்கத்தில் நிற்கும் சக மாணவர்கள் குறுக்கே போகக் கூடாது, யாருக்கும் போன் பண்ணக் கூடாது. வண்டி, ஆள், உடை எல்லாவற்றையும் கவனித்து அறிக்கை எழுதித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

"உசுரு போற நேரத்துல எப்படி சார் கத்தாம இருக்கிறது?" என்று கேட்டேன்.

"போகாம இருக்கத்தான் கத்தாதேங்கிறேன், வாயாடி. கத்தினா மார்க் குறையும்."

ஆக, இங்கேயும் எனக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அம்மாவுக்குச் சொன்னால் சந்தோஷப்படுவாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

முதலில் மாட்டியவன் சீப்பு. எந்நேரமும் தலை வாரிக்கொண்டிருக்கிற பையன், பெயர் வைத்தது நான்தான். பஸ் நிறுத்தத்தில் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. இரண்டு தடியன்கள் இறங்கி அவனை அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் வரிசையாக நின்று வண்டி எண் எழுதினோம். எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "இன்னைக்கு யாரு, அந்தச் சுருட்டை முடியா?" என்று கேட்டார். செருப்புக்கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. வருஷா வருஷம் நடப்பதுதானே. அகாடமியே கடைக்காரர்களிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டிச் சொல்லிவிடும், யாரும் பதற வேண்டாம் என்று.

சாயங்காலம் சீப்பு கலைந்த தலையோடு வந்தான். "அழுதியாடா?" என்றேன். "கண்ல தூசி" என்றான். கிடங்கு முழுக்கத் தூசியாம், பாவம்.

எல்லாரும் சிரித்தோம், டீச்சர் தவிர. என் அறைத் தோழி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, முப்பத்தாறு வயதில் பத்திரிகைக்காரி ஆகியே தீருவேன் என்று வந்திருக்கிறார். கணவரும் மகள் குட்டியும் பக்கத்து ஊரில். ஞாயிறு தவறாமல் வருவார்கள். குறட்டை விடுவார் (டீச்சர்தான், கணவரைப் பற்றி எனக்கென்ன தெரியும்).

"நெஜமாவே ஒருத்தரைத் தூக்கிட்டுப் போனா இந்தத் தெரு என்னடி பண்ணும்?" என்று கேட்டார்.

"வண்டி நம்பர் எழுதும்" என்றேன். என் ஜோக்குக்கு நான் மட்டும் சிரித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பிரின்சிபால் புது வேலை கொடுத்தார். பழைய செய்தி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் எழுதி மறந்த செய்தி. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நேரில் போய்ப் பார்த்து ஒலி அறிக்கை தயாரிக்க வேண்டும். நான் கூரை பறந்த சினிமாக் கொட்டகையை எடுத்தேன், பக்கத்தில் இருக்கிறது, பஸ் மாற வேண்டாம்.

டீச்சர் பெயின்ட் தொழிற்சாலைத் தீ விபத்தை எடுத்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்தது. இரண்டு பேர் இறந்ததாகச் செய்தி. நானே கேபிளில் வாசித்திருக்கிறேன், இரண்டே வாக்கியம். பிரின்சிபால் கொஞ்சம் யோசித்தார். "அது முடிஞ்சுபோன கதையாச்சேம்மா?" என்றார். "முடிஞ்சுபோனதைத்தானே சார் எடுக்கச் சொன்னீங்க?" என்றார் டீச்சர். வேண்டா வெறுப்பாகக் குறித்துக்கொண்டார். எங்கள் புது ஸ்டுடியோவின் விளக்குகள் அந்தத் தொழிற்சாலை முதலாளியின் உபயம் என்பது சீப்பு சொல்லித்தான் தெரிந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

டீச்சர் திரும்பி வந்ததும் கைகால் கழுவவில்லை, கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தொழிற்சாலைக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வீடு வீடாகப் போயிருக்கிறார். செத்தது இரண்டு பேர் மட்டும் இல்லை. ஏழு வீடுகளில் ஆண்கள் அந்த ஷிப்டுக்குப் போனவர்கள், வீடு திரும்பவில்லை. ஐந்து வீட்டுக்கு உடலும் வரவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை. ஒப்பந்தக்காரர் கூட்டி வந்த ஆட்கள், கணக்கிலேயே இல்லாதவர்கள். "வேலையை விட்டு ஓடிட்டான்னு சொல்லச் சொன்னாங்களாம்டி" என்றார். "ஒருத்தி இன்னும் அவன் சட்டையைத் துவைச்சுக் காயப்போடுறா."

கேபிளில் இரண்டு பேர் என்று வாசித்தவள் நான். இதே மூக்கால்.

செப்டம்பர் 19, வெள்ளி

டீச்சர் போனுக்கு ஒரு அழைப்பு. மூச்சுச் சத்தம் மட்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

டீச்சரைப் பின்தொடர்கிறார்கள். சாம்பல் நிறச் சட்டைக்காரன் ஒருவன் பஸ்ஸில் வருகிறான், நூலகத்தில் எதிரே உட்காருகிறான், ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் பேப்பர் படிக்கிறான். சாப்பாட்டு அறையில் இதை வைத்து ஒரே கும்மாளம். "மேஜர் உங்களைத்தான் அடுத்துக் குறி வச்சிருக்கார் டீச்சர், உளவு பாக்க ஆள் விட்டிருக்கார்" என்றான் சீப்பு. "அந்த ஆளுக்குப் பத்து மார்க்குகூடப் போட முடியாது, பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருந்தான்" என்றேன். நான் பார்க்கவே இல்லை, சும்மா அடித்துவிட்டேன். டீச்சரும் சிரித்துவிட்டார்.

பிறகு அறையில் தனியாக இருக்கும்போது, "மேஜர் ஆளுங்கதானே?" என்று கேட்டார்.

"பின்ன யாரு? நம்ம கேபிள்காரனா?" என்றேன்.

அந்த ஒலி அறிக்கையை வெட்டி ஒட்டும் வேலை பாதி முடிந்திருக்கிறது. அந்தச் சட்டை துவைக்கிற பெண்ணின் குரலைக் கேட்டேன். என் சினிமாக் கொட்டகையைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

டீச்சரைத் தூக்கிவிட்டார்கள்! காலையில், பஸ் நிறுத்தத்தில், என் கண் முன்னாலேயே. இந்தத் தடவை கறுப்பு வேன். மேஜர் வண்டியை மாற்றிவிட்டார், நாங்கள் வெள்ளையை எதிர்பார்ப்போம் என்று தெரிந்து. கெட்டிக்காரர்தான். மூன்று பேர், ஒருவனுக்குப் புருவத்தில் தழும்பு. டீச்சர் விதியெல்லாம் மறந்துபோய் ஒரேயடியாகத் திமிறினார். "வாயாடி! இவங்க மேஜர் ஆளுங்க இல்லடி!" என்று கத்தினார். என்ன நடிப்பு! "மூச்சு விடுங்க டீச்சர், மூச்சு!" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். டீக்கடைக்காரர் கைதட்டினார். ஒரு செருப்பு மட்டும் ரோட்டில் கிடந்தது, எடுத்து வந்திருக்கிறேன், சாயங்காலம் கொடுக்க வேண்டும்.

அறிக்கை எழுதிக் கொடுத்தாயிற்று. வண்டி எண், நிறம், தழும்பு, எல்லாம். கடைசியில் ஒரு வரி: "விதியை மீறி உரக்கக் கத்தினார். இரண்டு மதிப்பெண் குறைக்கலாம்." கொஞ்சம் பொல்லாத்தனம்தான். வந்து படித்துவிட்டு என்னைத் திட்டட்டும்.

அதே நாள், இருட்டிய பிறகு.

இன்னும் வரவில்லை. விதிப்படி யாரிடமும் கேட்கக் கூடாது.

செப்டம்பர் 25, வியாழன்

மேஜரைப் பார்த்தேன். கன்னம் வீங்கி, துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நேற்றுக் காலை கடைவாய்ப் பல் பிடுங்கினாராம். டீச்சர் எப்போ சார் வருவாங்க என்று கேட்டேன். விதியாவது மண்ணாவது.

"யாரு?"

"நேத்து நீங்க தூக்கினீங்களே."

"நேத்து நான் வாயையே தொறக்கலியேம்மா. யாரைத் தூக்கினேன்?"

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். கறுப்பு வேன் என்றேன். தழும்பு என்றேன். துண்டை அவிழ்த்தார். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. "என்கிட்ட ஒரே வண்டிதான். வெள்ளை வண்டி" என்றார்.

நான் நம்பர் எழுதினேன். நின்னு நம்பர் எழுதினேன். அவ கத்துறா, இவங்க மேஜர் ஆளுங்க இல்லடின்னு என் பேரைச் சொல்லிக் கத்துறா, நான் சிரிச்சேன். மார்க் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கை விளங்குமா எனக்கு?

செப்டம்பர் 26, வெள்ளி

காவல் நிலையத்துக்கு நானும் மேஜரும் போனோம். உள்ளே இருந்த அதிகாரி எங்களைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "போன வருஷம் இப்படித்தான் ஒரு பொண்ணு வந்து அழுதுது. அதுவும் பரீட்சைன்னு அப்புறம் சொன்னாங்க. எங்க நேரத்தோட விளையாடாதீங்க" என்றார். மேஜர் இது பரீட்சை இல்லை என்று சத்தியம் பண்ணினார். "போன வருஷமும் நீங்கதானே சார் சத்தியம் பண்ணினீங்க?" என்றார் அதிகாரி. மேஜர் தலையைக் குனிந்துகொண்டார். யதார்த்தமாக இருக்க வேண்டும் என்று பொய்ப் புகாரையும் பாடத்தில் சேர்த்திருந்தாராம், படுபாவி மனுஷன்.

பிரின்சிபாலிடம் போனோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவசரப்படாதீங்க. ஒரு நாள் பாப்போம். அகாடமி பேர் ரிப்பேர் ஆயிடும்" என்றார். ஒரு பொம்பளையக் காணோம், இந்த ஆளுக்குப் பேர்!

டீச்சரின் கணவருக்கு நான் போன் பண்ணினேன். எதிர்முனையில் அவர் எதுவுமே கேட்கவில்லை. "எனக்குத் தெரியும். தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எப்படித் தெரியும்? யார் சொன்னது?

 கட்டிலுக்குக் கீழே அந்த ஒற்றைச் செருப்பு.

செப்டம்பர் 27, சனி

வந்துவிட்டார். வந்துவிட்டார். வந்துவிட்டார்.

காலையில் வாசலில் நடந்து வந்தார். தலைக்குக் குளித்திருந்தார், காலில் புதுச் செருப்பு. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், உடம்பு கட்டையாக இருந்தது. "எங்க போனீங்க, யாரு அவங்க, அடிச்சாங்களா?" மூச்சு விடாமல் கேட்டேன். அவர் என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்துக்கொண்டே, "பயிற்சிதான். வேற டீம்" என்றார்.

"மேஜர் சொன்னாரு—"

"வேற டீம்னு சொல்றேன்ல."

நேரே எடிட்டிங் அறைக்குப் போய் அந்த ஒலி அறிக்கையை அழித்தார். நான் கதவருகே நின்று பார்த்தேன். அழித்துவிட்டு, கணினியின் குப்பைத் தொட்டியையும் திறந்து அதிலிருந்தும் அழித்தார். நிதானமாக, கணக்குப் போடுகிற மாதிரி.

செப்டம்பர் 28, ஞாயிறு

கணவரும் குட்டியும் வரவில்லை. டீச்சரும் ஏன் என்று கேட்கவில்லை. பின்னலைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 29, திங்கள்

பிரின்சிபால் வகுப்புக்கு வந்தார். நல்ல சட்டை. இந்த ஆண்டு முதல் வெளியிலிருந்து ஒரு சிறப்புக் குழுவையும் வரவழைத்திருக்கிறோம், பயிற்சி இன்னும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக, என்று அறிவித்தார். அந்தக் குழுவிடம் மூன்று நாள் தாக்குப்பிடித்த ஒரே மாணவி என்று டீச்சரைப் பாராட்டினார். கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். சீப்புகூடத் தட்டினான், கழுதை. மேஜர் பின்வரிசையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதிப்பெண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். கடத்தல் ஒத்திகை: இருபதுக்குப் பதினெட்டு. உரக்கக் கத்தியதற்கு இரண்டு குறைவு. அடியில் பார்வையாளர் என்று என் கையெழுத்து.

கிழித்தேன். மறுபடி ஒட்டிவிட்டார்கள்.

அகாடமியை விட்டு வெளியே வரும்போது மேஜர் கூப்பிட்டார். "என் ஆளுங்க இல்லைன்னு பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன் வாயாடி. அவர் கேக்க விரும்பல. எனக்கும் இதை விட்டா வேற பொழப்பு இல்ல" என்றார். நான் ஒரு மேஜரைப் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன், பார்த்தது வெறும் மீசை.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றைக்குச் சண்டை. டீச்சர் புது அறிக்கை தயாரித்திருக்கிறார், பூங்காவில் நீரூற்றைப் பழுதுபார்த்தது பற்றி. நான் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். "ஏழு வீட்டுப் பொம்பளைங்க உங்களை நம்பிப் பேசினாங்க. நீங்க நீரூத்தைப் பத்திப் பாடுறீங்க. வெக்கமா இல்ல?" என்றேன். டீச்சர் எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"அவங்க என்னை அடிக்கல. சாப்பாடு போட்டாங்க. குளிக்கத் தண்ணி குடுத்தாங்க. தெனமும் ஒரு போட்டோ காட்டினாங்க, அவ்வளவுதான். முதல் நாள் குட்டி பள்ளிக்கூட வாசல்ல. ரெண்டாம் நாள் குட்டி ஐஸ் வாங்குறா. மூணாம் நாள் குட்டிக்குப் பக்கத்துல அந்தத் தழும்புக்காரன் நிக்கிறான், அவ அவனைப் பாத்துச் சிரிக்கிறா."

நான் அழுதுவிட்டேன்.

"பயிற்சின்னு சொல்லிடுங்க, உங்களுக்கும் வசதி, எங்களுக்கும் வசதின்னாங்க. நம்ம விதியெல்லாம் அவங்களுக்குத் தெரியும்டி. யாரும் குறுக்க வரமாட்டாங்க, போன் பண்ண மாட்டாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

"நான் கத்தினப்போ உன் மூஞ்சியைப் பாத்தேன்" என்றார் பிறகு. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. எதுவுமே இல்லாமல் சொன்னார்.

மன்னிச்சுக்குங்க என்றேன். என்ன பிரயோஜனம்?

அக்டோபர் 6, திங்கள்

குடியிருப்புக்கு நான் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சினிமாக் கொட்டகைக்கு என்று சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறினேன்.

கதவுகள் திறக்கவில்லை. ஜன்னல் இடுக்கில் கண்கள் மட்டும். ஒரு பெரியம்மா, "முன்ன வந்த டீச்சரம்மா என்ன ஆனாங்க? முதல்ல அதைச் சொல்லு" என்றார். பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நடந்ததைச் சொன்னேன், நான் சிரித்தது உட்பட. அந்த அம்மா தாழ்ப்பாளை எடுத்து உள்ளே கூப்பிட்டார். பிறகு இன்னொருத்தி வந்தாள், பிறகு இன்னொருத்தி. கடைசியாகச் சட்டை துவைக்கிறவள். என்னைவிடச் சின்னப் பெண். "ஓடிப் போனவன் சம்பளத்தை விட்டுட்டா ஓடுவான்?" என்று கேட்டாள்.

எல்லாம் பதிவாகியிருக்கிறது. சீப்பின் அண்ணன் வேறு ஊரில் ஒலிக்கூடம் வைத்திருக்கிறான். பஸ் ஏறுவதற்கு முன்பே பிரதியை அவனுக்கு அனுப்பிவிட்டேன். திரும்பி வந்ததும், ஏன் என்று சீப்பு கேட்டான். சொன்னேன். அன்றைக்குக் கைதட்டியதற்கு அவனே தன் தலையில் குட்டிக்கொண்டான்.

அக்டோபர் 7, செவ்வாய்

இப்போது என் போனில் மூச்சுச் சத்தம்.

அக்டோபர் 8, புதன்

அம்மாவுக்குப் பேசினேன். எப்படிச் சொல்வது? "என்னை யாராவது கூட்டிட்டுப் போயிட்டா, பயிற்சின்னு உனக்குப் போன் வரும். நம்பாத. ஊரைக் கூட்டு" என்றேன்.

"என்ன கண்றாவிப் படிப்புடி அது?" என்றாள். அண்ணனிடம் போனைக் கொடுத்தாள். அவன் உடனே கிளம்பி வரச் சொன்னான், வங்கித் தேர்வுக்கு இன்னும் விண்ணப்பிக்கலாமாம். அம்மா மறுபடி போனை வாங்கி, "சாப்டியா?" என்றாள்.  சாப்பிட்டேன் என்றேன்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

அக்டோபர் 11, சனி

டீச்சரின் கணவர் வந்தார். குட்டியைத் தூரத்து ஊரில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வருகிறார். பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லவில்லையாம். டீச்சரும் அங்கேயே கிளம்புவார் என்று அவருடைய பையை நானே எடுத்து வைத்தேன்.

"போகலையா?"

"ஒரு வேலை பாக்கி இருக்கு."

என்ன வேலை என்று சொல்லவில்லை. ஆனால் நான் குடியிருப்புக்குப் போனது அவருக்குத் தெரிந்துவிட்டது. சீப்புக்கு வாயில் ரகசியமே நிற்காது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தச் சட்டைக்காரப் பொண்ணு பேசினாளா?" என்று மட்டும் கேட்டார். பேசினாள் என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

நான் எங்கே போனாலும் டீச்சர் பின்னாலேயே வருகிறார். கேன்டீனுக்கு, நூலகத்துக்கு, குளியலறை வாசல் வரைக்கும். "நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று எரிந்து விழுந்தேன். "ஆமாம்" என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

வலது கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரி இருக்கிறது, இருக்கட்டும். எழுதியே ஆக வேண்டும்.

காலையில் பஸ் நிறுத்தம். டீச்சர் டீக்கடைப் பக்கம் நின்றிருந்தார், நான் எதிர்ப்பக்கம். அதே கறுப்பு வேன். கதவு திறந்ததும் தழும்பைப் பார்த்தேன். வாயாடிக்கு வாய் வரவில்லை. அத்தனை நாள் யோசித்து வைத்திருந்தேன், இப்படிக் கத்த வேண்டும், இப்படிக் கடிக்க வேண்டும் என்று. ஒன்றும் வரவில்லை.  ஒருவன் கையை முறுக்கினான், எலும்பில் ஏதோ சத்தம் கேட்டது. பக்கத்தில் எங்கள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் குறிப்பேட்டை எடுத்தார்கள். எடுத்தார்கள்! நான் பார்த்தேன்.

அப்போது டீச்சர் கத்தினார்.

"பயிற்சி இல்ல! இது பயிற்சி இல்ல!"

டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்தார். டீச்சர் அவருடைய கண்ணாடித் தம்ளர்களைத் தட்டோடு தூக்கி வேன் கண்ணாடியில் எறிந்தார். அதற்குப் பிறகும் தெரு ஒரு நொடி சும்மாதான் நின்றது. இரண்டாவது தட்டையும் எறிந்தார். ஓடிவந்து தழும்புக்காரன் சட்டையைப் பிடித்துத் தொங்கினார். "நெஜமாடா, நெஜமா! என் மக மேல சத்தியம்!" என்று கத்தினார், அந்தக் குரல்—அதை எழுத எனக்குத் தெரியாது. டீக்கடைக்காரர் கரண்டியோடு இறங்கினார். செருப்புக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள், அந்தக் குறிப்பேட்டுப் பெண்கள், எல்லாரும். யார் யாரை அடித்தார்கள் என்று தெரியவில்லை. என்னை ரோட்டில் போட்டுவிட்டு வேன் பின்னோக்கிப் போய், திரும்பி, ஓடிவிட்டது. டீச்சரின் கையில் அந்தச் சட்டையின் பாதிக் கிழிசல்.

கட்டுப்போட்டுக்கொண்டு வந்ததும் பிரின்சிபால் அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேஜரும் இருந்தார். வாசலில் வகுப்பு முழுக்கக் கூடி நின்றது. டீக்கடைக்காரர் வேறு, உடைந்த தம்ளருக்கு அல்ல, சாட்சிக்கு வந்திருக்கிறேன் என்று வாசலிலேயே நின்றார். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தச் சிறப்புக் குழு கொஞ்சம் அத்துமீறிட்டாங்க போல..." என்று ஆரம்பித்தார்.

மேஜர் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தார். "சிறப்புக் குழுன்னு ஒண்ணு கிடையாது சார். இன்னைக்கு எங்க வண்டி ஷெட்டை விட்டு நகரவே இல்ல" என்றார்.

"அன்னைக்கும் நகரல" என்றார் டீச்சர்.

 பிரின்சிபால் டீச்சரைப் பார்த்து, "நல்லா யோசிச்சுப் பேசுங்கம்மா. குழந்தை இருக்கு உங்களுக்கு" என்றார்.  டீச்சர் என் பக்கம் திரும்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரெக்கார்டரைப் போடு என்றார். எனக்கு ஒரு கைதான், சீப்பு வந்து போட்டுவிட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டேன், அவர் கேட்க வேண்டியதை நான் கேட்டேன், அவ்வளவு குழப்பம் எனக்கு.

"நான் கத்தினேனே, அங்கேருந்து" என்றார்.